என் பங்கையும் சேர்த்து மன்னித்தவர்

காலை ஆறு மணிக்கு ராசிபுரத்தில் கிளம்ப வேண்டிய பஸ் எட்டரைக்குத்தான் கிளம்பியது. யுத்த காலத்துக் கரி பஸ். முதுகில் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். முள்ளுக்குறிச்சிக்குப் பன்னிரண்டு மைல் என்கிறார்கள், டிக்கெட் நாலணா. என் காலடியில் ஒரு கரி மூட்டையைப் போட்டுவிட்டு டிரைவர் சாவகாசமாகத் தேநீர் குடித்துவிட்டு வந்தார். என் சேலை ஓரமெல்லாம் கறுப்பு.

"பரவாயில்ல தம்பி, நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றார் என் கணவர்.

யார் அந்த 'நாங்க' என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் மிஷனில் உபதேசியார். மன்னிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், நஷ்டம் என்னுடையதாக இருக்கும், மன்னிப்பு அவருடையதாக இருக்கும்.

மடியில் ஒரு ரோஜாக் கன்று வைத்திருந்தேன், எங்கள் மகள் எஸ்தருக்காக. கொல்லிமலையில் பைல் நாடு என்ற பகுதியில் நாங்கள் முன்பு ஊழியம் செய்தோம். அங்கே மலைக்காய்ச்சல் வந்து மூன்று வயதில் அவள் போய்விட்டாள். ஊருக்கு வெளியே ஒரு பெரியவர் கொடுத்த தரிசு நிலத்தில் புதைத்து, வேங்கைக் கட்டையில் என் கணவரே சிலுவை செய்து நட்டார். பிறகு எங்களைக் கீழே மாற்றிவிட்டார்கள். அவளைப் பார்க்க வேண்டும் என்று நான் வருஷக்கணக்காகக் கேட்டு, இப்போதுதான் வாய்த்தது.

பதினோரு மணிக்கு முள்ளுக்குறிச்சியிலிருந்து நடை. சுமைக்கு ஓர் ஆள் பேசினோம், எட்டணா. ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறுகிறது. முந்தின நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கியது. பாதி மலையில் அந்த ஆள் கன்று வைத்திருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுருட்டுப் பிடிக்க ஒதுங்கினார். திரும்பிப் பார்ப்பதற்குள் மேய்ச்சல் ஆடு ஒன்று ரோஜாக் கன்றை வேர் வரை கடித்துவிட்டது.

"ஆடு தின்னதுக்கு ஆள் என்ன பண்ணுவாரு? விடு, மன்னிச்சாச்சு" என்றார் இவர்.

நான் வெறும் மண் உருண்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மூன்று மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். பலா மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. குளிர்ந்த காற்று. அழகான ஊர்தான், எனக்குத்தான் ஆகாது. தரிசு நிலத்தைத் தேடினால் தரிசே இல்லை. சாமை முற்றி, கதிர் சாய்ந்து நின்றது. மலையில் நிலத்தைச் சில வருஷம் ஆறப்போட்டு, பிறகு எரித்து விதைப்பார்கள். இதை நான் எப்படி மறந்தேன்?

சாமைக் கொல்லை நடுவில் ஒரு பொம்மை நின்றது. கிழிந்த சட்டை, தலைக்குக் கரிச்சட்டி, அதில் சுண்ணாம்புக் கண். சட்டைக் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டையின் வலது பக்கம் கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை எனக்குத் தெரியும். செதுக்கும்போது இவர் கை தவறியது அது.

காவல் பரணிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். சடையன் என்று பெயர் சொன்னார். நிலம் கொடுத்த பெரியவர் இறந்தபின் அது சடையன் கைக்கு வந்திருக்கிறது.

"ஏனுங்க, அந்தப் பொம்மை ஏதுங்க?" என்று கேட்டேன்.

"அதுங்களா? கட்டை முன்னமே நட்டு இருந்துச்சுங்க. பழைய வெள்ளாமைக்காரங்க உட்டுட்டுப் போனதுன்னு சட்டைய மாட்டினேன். நல்ல கட்டைங்க, தீயும் புடிக்கல, கரையானும் தொடல. ஒரு குருவி அண்டறதில்லீங்க."

பெருமையாகத்தான் சொன்னார். என் கணவர் விஷயத்தைச் சொன்னதும் சடையன் தோளிலிருந்த துண்டு கைக்கு வந்தது.

"ஐயோ சாமி, புள்ள மேலயா ஏரோட்டினேன்?"

"தெரியாம செஞ்சதுங்க. நாங்க மன்னிச்சிட்டோம்" என்றார் இவர், ஒரு நொடி தாமதிக்காமல்.

"நான் மன்னிக்கலீங்க" என்றேன்.

மலையில் குரல் எதிரொலிக்கும் என்பதும் மறந்துவிட்டது. "உங்க பங்க நீங்க மன்னிச்சுக்குங்க. என் பங்குல கை வெக்காதீங்க. அங்க இருக்கற பயிரைப் புடுங்கட்டும்."

"அறுப்புக்கு நிக்கற பயிரு" என்று இவர் இழுத்தார்.

"புடுங்கட்டும்."

சடையன் சட்டியை இறக்கினார், சட்டையைக் கழற்றினார். பிறகு இவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"எதுவரைக்குங்க அம்மா?"

அத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் சிலுவையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மண்டியிட்டுப் பிடுங்க ஆரம்பித்தார். சிலுவைக்கு முன்னால் ஒரு பாய் அகலம் வெறுமையாயிற்று. நிறுத்தாமல் பிடுங்கிக்கொண்டே போனார். பெரிய ஆள் படுக்கும் நீளம் ஆகிவிடும் போலிருந்தது.

"போதுங்க. அவ சின்னவ" என்றேன்.

அவர் கை நின்றது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. கொண்டுபோன மண் உருண்டையை அங்கே உதிர்த்துவிட்டு வந்தேன்.

இருட்டும் நேரம் முள்ளுக்குறிச்சி சத்திரத்துக்கு இறங்கிவிட்டோம். வீட்டில் செய்வது போலவே மாலை ஜெபத்துக்கு முழங்காலில் நின்றோம். பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி வந்தால் இவர் குரல் எப்போதும் ஓங்கும். அன்று அந்த வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

நான் சொல்லவில்லை. அவரும் எனக்காகச் சொல்லவில்லை. அந்த வரியைத் தாண்டாமலே எழுந்து விளக்கை ஏற்றினோம்.