சகலையின் காரில் சத்தமே இல்லை

என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, அடையாறில் இருக்கிறார். தங்கமான மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் அவரைப் பற்றிச் சொல்லப்போகும் விதத்தில் அது எங்கேயும் தெரியாது.

நான் பழைய கார் வாங்கியபோது என் மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதுகளில் செய்த கார், தயிர் நிறம். மயிலாப்பூரில் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "என் கல்யாணத்துக்கு இந்தக் கார்லதான்பா சர்ச்சுக்குப் போவேன்" என்றாள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, சகலையும் ஒன்று வாங்கினார். அதே மாடல், அதே வருடம். தயிர் நிறம்தான் தேடினாராம், கிடைக்கவில்லையாம், அதனால் கரும்பச்சை. இந்தக் காருக்குக் கரும்பச்சைதான் எடுப்பாக இருக்கிறது என்று எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். என்னை வைத்துக்கொண்டே சொன்னார்கள்.

என் கார் தெருவில் நிற்கும். அவருடையது போர்ட்டிகோவில் நிற்கும். என் கார் கிளம்பினால் மேலே வால்வுப் பக்கம் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். அவர் கார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். என்ஜின் சூடானதும் என் காரில் ஆயில் ப்ரஷர் மீட்டரின் முள் பத்துக்கு வந்து படுத்துவிடும். அவருடைய முள் ஐம்பதில் நிற்கும். வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். போதாக்குறைக்கு அவர் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது, வால்வை அழுத்துகிற ராக்கர் கைகளைப் புத்தம் புதிதாக ஒரு செட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். எனக்கு ஒரே பெண். அவள் வேலை பார்ப்பது தி. நகரில்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டாரின் பங்குக் கோவிலில், அடையாறு சர்ச்சில். மூன்று வாரம் இருந்தது. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, நம்ம கார் வழியில நின்னுடுச்சுன்னா? பேசாம தங்கச்சி வீட்டு வண்டியைக் கேட்டுடலாமா?"

"எதுக்கு? நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சத்தம் வீடியோல விழும்பா. சித்தப்பா கார்ல சத்தமே இல்ல."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மறுநாளே காரைக் கே.கே. நகருக்கு ஓட்டிப்போனேன். அங்கே ஒரு பாய் இருக்கிறார், பழைய என்ஜின் என்றால் அவர்தான். பேச்சு குறைவு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல்மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒவ்வொரு இடமாக நகர்த்தி எட்டு வால்வையும் கேட்டார். அப்புறம் என்ஜின் பிளாக்கில் தன்னுடைய சொந்த மீட்டரைத் திருகி மாட்டி, அரைமணி நேரம் ஓடவிட்டார்.

"ஆயில் ப்ரஷர்லாம் நல்லாத்தான் கீது சார். சூட்லயும் நிக்குது. உங்க டேஷ்போர்டு மீட்டர்தான் டப்ஸா உடுது."

"அப்ப இந்தச் சத்தம்?"

மேல்மூடியைக் கழற்றி ஒரு ராக்கரின் நுனியைக் காட்டினார். வால்வின் தலையில் தட்டித் தட்டி அங்கே சின்னக் குழி விழுந்திருந்தது. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி அளக்கிற தகட்டை உள்ளே விட்டால் அது குழியின் மேலே பாலம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. தகட்டுக்கு இடைவெளி சரி. உண்மையில் குழி ஆழத்துக்கு அதிகம். அந்த அதிகம்தான் சத்தம்.

"புச்சு ராக்கர் போட்டா சத்தம் போய்டும். ஆனா சாமான் வர ரெண்டு மாசம் ஆவும். அது வரிக்கும் ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது. சத்தத்துக்கு பயந்து கேப்பை மட்டும் டைட்டா வச்சிராதீங்க."

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் சொல்லியிருக்கிறான். எனக்கு அதில் காதில் விழுந்தது இரண்டு மாதம் என்பது மட்டும்தான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தோம். சகலையும் குடும்பத்தோடு எங்கள் கோவிலுக்கு வந்திருந்தார். கரும்பச்சைக் காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நான் பாயிடம் போன கதை மனைவி மூலமாக அவருக்குப் போயிருக்கிறது. என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, பையன் கொண்டாந்ததுல ராக்கர் இன்னொரு செட் பிரிக்காமலே இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா? பாய் ஒரே நாள்ல மாட்டிடுவார்."

எடுத்துட்டு வாங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கல்யாணத்தன்று என் மகளை என் கார் சத்தமில்லாமல் ஏற்றிப் போக, பார்ப்பவரிடமெல்லாம் அவர் "நம்ம ராக்கர்தான்" என்று சொல்வது எனக்கு அப்போதே காதில் கேட்டது. அவர் சொல்லியிருக்க மாட்டார். எனக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

"வேணாங்க, பாய் பாத்துக்கறேன்னுட்டார்" என்று பொய் சொன்னேன். மனைவியிடம் இதை மூச்சுவிடவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் எல்லாரும் படுத்திருந்தபோது தெருவில் பானெட்டைத் திறந்தேன். மேல்மூடியைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கரின் திருகையும் சத்தம் அடங்குகிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். என்ஜின் சரியாகச் சூடாகக்கூட இல்லை. எட்டாவது முடிந்ததும் தெருவே அமைதியானது. எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டியை வித்துட்டேளா? சத்தமே காணோம்" என்றாள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். சூடுபட்டால் உலோகம் நீளும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன். நீளுகிற வால்வுக்கு இடம் விடத்தான் அந்த இடைவெளி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பொறாமைக்காரன் வாத்தியாராக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன?

அதற்கப்புறம் பத்திரிகை வைக்கிற சாக்கில் ஊரெல்லாம் ஓட்டினேன். மெட்ரோ பள்ளங்களைச் சுற்றி, வேகாத வெயிலில், முதல் கியரிலேயே ஊர்ந்து. முதல் பத்திரிகை வைத்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? சகலைக்குத்தான். அவர் வீட்டு வாசலில் என்ஜினை அணைக்காமல் நின்றேன். வெளியே வந்தவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லா இருக்குண்ணே. ஆனா சூடானப்புறம் வால்வு முழுசா மூடுதான்னு ஒரு வாட்டி பாத்துடுங்க. ரொம்ப அமைதியா இருக்கு."

திரும்பி வரும்போது மனைவியிடம் சொன்னேன்: "பாத்தியா? அவருக்கு வயிறு எரியுது." சொல்லும்போது அப்படி ஒரு சந்தோஷம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை மகளின் ரவிக்கையை வாங்கிக்கொண்டு தி. நகர் மேம்பாலத்தில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் இழுவை போய்விட்டது. பின்னால் புகைக்குழாயில் 'பஃப் பஃப்' என்று மூச்சிரைப்பு. அப்படியே நின்றது. பின்னால் பஸ், ஆட்டோ என்று நூறு ஹாரன். இரண்டு ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே கீழே தள்ளிவிட்டார்கள்.

பாய் வந்து பார்த்தார். மூன்றாவது சிலிண்டரில் அழுத்தமே இல்லை. மூடியைக் கழற்றித் தகட்டை ராக்கருக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்தார், அதுவும் நுழையவில்லை.

"யாரு சார் கை வச்சது?"

"தெரியல பாய்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வால்வு மூடாமயே ஓடிக்கினு இருந்துக்குது. மூடுனாத்தான் அதும் சூடு எறங்கும். எரிஞ்சி போச்சி. ஹெட்டைக் கழட்டணும், பத்து நாளு ஆவும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. போனை எடுத்துத் தங்கையிடம் இரண்டே வார்த்தை பேசினாள். மகள், "பரவால்லப்பா, விடுங்க" என்றாள். அந்தப் 'பரவால்ல' எனக்கு நாலு நாள் ஆறவில்லை.

சனிக்கிழமை காலையில் கரும்பச்சைக் கார் எங்கள் வாசலில் நின்றது. முன்னால் வெள்ளை ரிப்பன், மல்லிகைச் சரம். எல்லாம் இரண்டு நாளில் தயாரானதா, முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாரா என்று என் புத்தி அப்போதும் கணக்குப் போட்டது. சகலை இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"அண்ணே, பொண்ணோட அப்பா நீங்கதான் ஓட்டணும். நான் ஆட்டோல வந்துடறேன்."

மனைவியும் மற்றவர்களும் வேனில் முன்னாலே போய்விட்டார்கள். காரில் நானும் மகளும் மட்டும். பின்சீட்டில் வெள்ளைப் பட்டும் பூச்செண்டுமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளோடு தனியாக எனக்குக் கிடைத்த பத்து நிமிடம் அது.

நான் என்ஜினைக் கேட்டுக்கொண்டு போனேன். மந்தைவெளி சிக்னலில் நிற்கும்போது கேட்டேன். கியர் மாற்றும்போது கேட்டேன். ஒரே ஒரு 'டிக்' போதும், எங்கேயாவது ஒன்று. ஆண்டவரே, இவன் வண்டியிலும் ஒரு குறை இருக்கட்டும் என்று உண்மையாகவே வேண்டினேன். முள் ஐம்பதிலேயே நின்றது.

அடையாறு பாலத்தின் மேலே போகும்போது பின்னால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். நீளமாகவே ஏதோ சொன்னாள். கடைசி 'அப்பா' மட்டும்தான் எனக்குக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள், என் பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தாள்.

"ம்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முதுகையே பார்த்தாள். அப்புறம் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாலையில் விருந்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இப்போது மாதாமாதம் வந்துபோகிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள். அன்றைக்குப் பாலத்தில் என்னம்மா சொன்னாய் என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். கேட்டால், நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.