ஏழு முறை கை கழுவிய ஜமால் பாய்

நன்னிலம் கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்த ஜமால் பாய் காலமாகிவிட்டார் என்று டீக்கடையில் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத இந்தத் தாலுகாவில் என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் எழுத்து என் கைக்கு வசப்படும்.

நாயைத் தொட்டால் அவர் தம் மார்க்கப்படி ஏழு முறை கை கழுவுவார். அதில் ஒருமுறை வாய்க்கால் மண்ணைத் தேய்த்துக் கழுவுவார்.

"இவ்வளவு பாடுபட்டு நாயை ஏன் பாய் தொடுறீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி காவேரியில வருது தம்பி. உங்க வீட்டு அண்டாவுலேர்ந்தா எடுக்கறேன்?" என்றார்.

கழக ஆட்சி வந்த புதிது. கூலியை உயர்த்தக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்காமல் நின்றார்கள். மிராசுதாரான என் பெரியப்பாவிடம் ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம், குரைத்தால் சீர்காழி வரை கேட்கும். ஒருநாள் காலை அது வாந்தியெடுத்து, நுரை தள்ளி, நடுங்கிச் சுருண்டது.

"மாரிமுத்து வேலைதான். வெஷம் வெச்சுட்டான்" என்றார் பெரியப்பா. கூலி கேட்டவர்களுக்கு மாரிமுத்துதான் தலைவர். அவரை வாசலில் நிறுத்திவைத்து, போலீசுக்கும் பாய்க்கும் ஆள் அனுப்பினார். பாய்தான் சைக்கிளில் முந்தி வந்தார்.

"வாந்தி எங்க? கழுவிடலையே?"

புதையலைக் கண்டவர்போலக் குச்சியால் கிளறினார். பழைய சோறு; ஊடே நாய்முடி. "முதுக நக்கியிருக்கு. ஏன் நக்குச்சு?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு அதன் முதுகை முகர்ந்தார். அந்த நாய்க்குச் சோறு வைத்துக் கவனிப்பது நான்தான் என்பது அவருக்குத் தெரியும்; நிமிர்ந்து, நேராக என்னிடம் வந்தார்.

"கையக் காட்டுங்க தம்பி."

காட்டினேன். அதிலும் அதே மருந்து நெடி. நாய் ரத்தம் வரச் சொறிவதைப் பொறுக்காமல், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எண்ணெயில் குழைத்து முந்தின நாள் நான்தான் தடவியிருந்தேன். என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"பூச்சிக்குப் போடுற மருந்துதானே, பாய்?"

"நாய் என்ன நெல்லா தம்பி?"

"நான்தான் தடவினேன்!" என்று சிங்கம்போல முழங்கினேன். பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை, இரண்டாம் முறையும் முழங்க வேண்டியிருந்தது. போலீஸ் வந்து மோர் குடித்துவிட்டுத் திரும்பியது.

பாய் ஊசி போட்டு, நாயைச் சோப்புப் போட்டு அலசினார். தண்ணீர் ஊற்றியவர் மாரிமுத்து. "இதுக்காவது கூலி உண்டுங்களா ஐயா?" என்று பெரியப்பாவைக் கேட்டார். பாய் சிரிப்பை அடக்கியதில் அவருக்குப் புரையேறியது.

நாய் பிழைத்தது. பாய்தான் விடவில்லை. "சொறி ஏன் வந்துச்சுன்னு இன்னும் தெரியலையே" என்று வாராவாரம் வந்தார். "ஒண்ண மட்டும் மாத்துங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது காரணம்னு எப்படித் தெரியும்?" முதலில் வைக்கோல் படுக்கையை மாற்றினோம். சொறி நிற்கவில்லை. பிறகு கருவாட்டை நிறுத்தினோம். இரண்டு மாதத்தில் முதுகெல்லாம் புதுமுடி. கருவாடு போட்டுவந்ததும் நான்தான்.

நேற்று அவரை அடக்கம் செய்தார்கள். மூன்று பிடி மண் போட்டேன். தடியூன்றி வந்திருந்த மாரிமுத்துவும் போட்டார். வெளியே வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு, "கை கழுவலீங்களா?" என்றார்.

போய் வாருங்கள், பாய். அந்த மண்ணை நான் கழுவவில்லை.