தோற்ற ஆட்டத்தை அனுப்பினோம்

சபைக் குடும்பத்துக்கு என் அன்பு. உங்களில் பாதிப் பேர் இந்த விஷயத்துக்காக என்னோடு சேர்ந்து அழுது ஜெபித்தவர்கள். மற்றவர்கள், ரஞ்சியின் மகள் ஏதோ மட்டையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போய்விட்டாளாம் என்று மட்டும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இரண்டு பகுதிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

போன வருடம் மாசி மாதம், ஒரு பின்னேரம். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, அபிஷா சப்பாத்துக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள். கையில் போன். முகம் வெளிறிக் கிடந்தது.

"அம்மா, ஹெலன் போயிட்டா. வேற கல்லூரிக்கு மாறிட்டாவாம்."

ஹெலன் யார் என்று சொல்லவேண்டும். அபிஷா எங்கள் ஒரே பிள்ளை. இங்கே ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் பிடித்த ஹொக்கி மட்டையை இன்றுவரை விடவில்லை. கோல்கீப்பர். கால் கவசம், நெஞ்சுக் கவசம், தலைக்கவசம் என்று அவளுடைய சாமான் ஒரு பெரிய பை. வியர்வை மணம் போகவேண்டும் என்று எல்லாவற்றையும் பல்கனியில் பரப்பிக் காயவைப்பாள். என் கறிவேப்பிலைச் சாடிக்கு இடமே இருக்காது. சபைக்கு வரும்போது காரின் பின் இருக்கையில் அந்தப் பைதான் குந்திக்கொண்டு வரும். உங்களில் சிலரை ஏற்றிவராததற்கு அதுதான் காரணம், எங்களைத் தவறாக நினைக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் ஹொக்கிப் பயிற்சியாளர் ஹெலன். ஒரு போட்டியில் அபிஷாவைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடமாக அவளோடு பேசிக்கொண்டிருந்தா. ஒருமுறை எங்கள் கிளப்புக்கே வந்து, நான் கொண்டுபோன கட்லட்டை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டவ. "அபிட்டூர்ப் பரீட்சை முடிந்ததும் வா, உனக்கு இடம் இருக்கு, படிப்புச் செலவுக்கும் உதவி கிடைக்கும்" என்று சொல்லியிருந்தா. அந்தச் சொல்லை நம்பி, கேட்டு வந்த வேறு இரண்டு கல்லூரிகளுக்கு அபிஷா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஹெலன் சொன்னது வாய்ச்சொல். கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. இப்போது டயான் என்று ஒரு புதுப் பயிற்சியாளர் வருகிறாவாம். எல்லாப் பிள்ளைகளையும் முதலில் இருந்து பார்ப்பாவாம். அவவுக்குத் தெரிந்த கோல்கீப்பர் ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாளாம்.

மறுநாள் அபிஷா அந்தப் பையை இறக்கிக்கொண்டுபோய், கட்டடத்தின் அடியில் இருக்கிற கெல்லரில் வைத்துப் பூட்டினாள். நான் வேலையால் வந்து பார்த்தால் பல்கனி வெறுமையாகக் கிடந்தது. எத்தனை வருடம் அந்த மணத்துக்கு மூக்கைப் பொத்தியிருப்பேன். அன்று அந்த வெறும் பல்கனியில் நின்று விம்மி விம்மி அழுதேன். பிள்ளை அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். அவள் அழவில்லை, பேசவுமில்லை.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் புஷ்பாவிடம் சொன்னேன். என்னோடு வேலை செய்கிறவள், என்னைவிட இளையவள். அவளுக்கு ஹொக்கி பற்றி ஒன்றும் தெரியாது.

"அக்கா, கிரிக்கெட் மாதிரியோ அது?"

"இல்லையடி. பிள்ளைக்கு இடம் போகப்போகுது. ஹெலன் திரும்பி வரவேணும் எண்டு ஜெபி."

எல்லோரும் முழங்காலில் நின்றோம். நான் ஹெலனைத் திரும்பத் தாரும் என்று கெஞ்சிக்கொண்டிருக்க, பக்கத்தில் புஷ்பாவின் குரல் கேட்கிறது. "ஆண்டவரே, அந்தப் புதுசா வாற பயிற்சியாளர் பிள்ளைக்கு எல்லாம் புது இடம். பயமா இருக்கும். அவவுக்கு நல்ல தெளிவைக் குடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையின் இடத்தைப் பறிக்க வருகிறவளுக்காகவா ஜெபிக்கிறாய் என்று மனதுக்குள் கறுவினேன். தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டும்விட்டேன். அவள் ரோல்ஸைக் கடித்தபடி, "அக்கா, முடிவெடுக்கிறது அவதானே. அவவுக்குத்தானே ஜெபிக்கவேணும்?" என்றாள். மறுநாளில் இருந்து நானும் டயானின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். முதலில் வாய்தான் சொன்னது. பிறகு மெல்ல மெல்ல மனமும் சேர்ந்தது. அவவுக்கும் ஒரு தாய் இருப்பா, மகளின் புது வேலையை நினைத்துக் கலங்குவா என்று தோன்றத் தொடங்கியது.

பங்குனியில் டயானிடம் இருந்து செய்தி வந்தது. அபிஷா வாசித்துவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"திறமான இடங்களை மட்டும் வெட்டி ஒட்டின வீடியோ வேண்டாமாம். நான் தோத்த ஒரு ஆட்டத்தை முழுசா அனுப்பட்டாம். தொடக்கத்தில இருந்து முடிவுமட்டும் நான் தெரியவேணுமாம். யாரம்மா அப்பிடி எடுத்து வைச்சிருப்பினம்? கிளப் கமரா பந்துக்குப் பின்னால ஓடும். பந்து அங்கால போனா நான் படத்திலயே இல்லை."

அப்போது அறைக்குள் இருந்து ஒரு செருமல் கேட்டது. என் கணவர் யோகன்.

"என்னட்ட இருக்கு" என்றார்.

இவருடைய வீடியோவைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். மகள் விளையாடும் நாளெல்லாம் மூன்று கால் தாங்கியோடு போய், கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் நின்று படம் பிடிப்பார். மகளை மட்டும். பந்து மற்றப் பக்கத்தில் இருந்தாலும் கமரா இவளைவிட்டு அசையாது. கோல் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் மனுசனுக்குத் தெரியாது. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தால் அதைப் போட்டுக் காட்டுவார். ஒரு பிள்ளை சும்மா நிற்கிறதை எவ்வளவு நேரம் பார்ப்பது? தேத்தண்ணி முடிவதற்குள் எழும்பிவிடுவார்கள். நானும் மகளும் அவரைச் செய்த பகிடி கொஞ்சநஞ்சமல்ல. "பந்தையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோவன்" என்றால், "பந்தைப் பாக்க வேற ஆக்கள் இருக்கினம்" என்பார்.

அவருடைய கணினியில் எல்லா ஆட்டமும் இருந்தது. தோற்றவையும் இருந்தன. அபிஷா ஒன்றைத் தெரிவுசெய்தாள். ஒன்றுமே அடிக்காமல் மூன்று கோல் வாங்கித் தோற்ற ஆட்டம். அவளுக்கு அதை நினைத்தாலே வெட்கம். அதை அனுப்புகிறேன் என்றாள். கிடைக்க இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன். ஆனால் கேட்டதை அப்படியே கொடுப்போம் என்றார் யோகன். மூன்று பேரும் கணினியில் கை வைத்து ஜெபித்துவிட்டு அனுப்பினோம்.

அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை ஆண்டவர்தான் அறிவார். பிறகு ஒரு சனிக்கிழமைக்கு நேரம் குறித்து டெர்மின் கொடுத்தார்கள், வீடியோவில் பேச. மூன்று பேரும் சோபாவில் நெருங்கியடித்து இருந்தோம். டயான் இளம் பெண். களைத்த முகம். கண்ணுக்குக் கீழே கருமை. பார்த்தவுடனே, புஷ்பா ஜெபித்தது சரிதான், பாவம் இந்தப் பிள்ளை என்று நினைத்தேன்.

அவ ஆங்கிலத்தில் சொன்னதை அபிஷா எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பந்து தூரத்தில் இருந்தபோதெல்லாம் அபிஷா முன்னால் நின்ற பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இருந்தாளாம், இடம் காட்டினாளாம். மூன்றாவது கோல் விழுந்ததும், பிழைவிட்ட பிள்ளை தரையில் குந்தி அழுதாளாம். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தியது அபிஷாவாம். பந்தைத் தடுக்கிறதைத் தன்னால் பழக்க ஏலுமாம், இதைப் பழக்க ஏலாதாம். நான் அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன். இதொன்றையும் நான் காணவில்லை. அந்த நேரம் நான் எத்தனைக்கு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு டயான் சிரித்துக்கொண்டு ஒன்று கேட்டா. அபிஷா வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பந்து எனக்குக் கிட்ட வரேக்க ஒவ்வொருமுறையும் ஒரு பெண்குரல் ஒண்டையே சொல்லுதாம். அது என்னவாம்?"

என் குரல்தான். கமராவுக்குப் பக்கத்தில் நின்று நான் எப்போதும் சொல்லுவது. பிள்ளையோட இரும், ஆண்டவரே. அபிஷா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டயான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் மூன்று கோல் விழுந்ததே" என்றா. கேலியாக அல்ல, உண்மையாகவே கேட்டா.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. "பந்தைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லு. பிள்ளையோட இருக்கச் சொல்லித்தான் கேட்டனான். இருந்தவர்தானே, பிள்ளை ஓடிப்போய் மற்றவளைத் தூக்கினதை அவவே பாத்திருக்கிறா."

அபிஷா அதைச் சொல்லி முடிக்கும்போது அவளுடைய குரல் உடைந்தது. மாசி மாதத்தில் இருந்து அழாத பிள்ளை அன்றுதான் அழுதாள்.

இடம் கிடைத்தது. ஹெலன் சொன்ன அளவுக்கு உதவி இல்லை, கொஞ்சம் குறைவுதான். டயானுக்குத் தெரிந்த அந்தப் பிள்ளையும் வந்துவிட்டாள், அபிஷா இரண்டாவது கோல்கீப்பராகத்தான் தொடங்கினாள். இரண்டு பேரும் இப்போது ஒரே அறையில் இருக்கிறார்கள், நல்ல சிநேகிதம். நான் கேட்ட ஹெலன் திரும்பி வரவில்லை. நான் கேட்காத டயானைத்தான் ஆண்டவர் எங்களுக்குத் தந்தார்.

என்னிலும் ஒரு மாற்றம். முன்பு எத்தனைக்கு எத்தனை என்று பார்த்துத்தான் ஜெபம் கேட்கப்பட்டதா என்று தீர்மானிப்பேன். இப்போது வேலையில் புதிதாக ஒருவர் பொறுப்புக்கு வந்தாலும், குறை சொல்லுவதற்கு முன் பெயரைக் கேட்டு ஜெபித்துவிடுகிறேன்.

பல்கனி இப்போதும் வெறுமைதான். கறிவேப்பிலை தாராளமாகக் கால் நீட்டி வளர்கிறது. யோகன் கல்லூரி ஆட்டங்களை இணையத்தில் பார்க்கிறார். பார்க்கும் நேரமெல்லாம் ஏச்சுத்தான். "இவங்களுக்குப் படம் பிடிக்கத் தெரியேல்லை, சும்மா பந்துக்குப் பின்னால ஓடுறாங்கள்" என்று. நான் பகிடி செய்வதில்லை இப்போது.

அன்பானவர்களே, உங்களில் யாருக்காவது எல்லாம் மற்றப் பக்கத்தில் நடப்பதுபோலவும், உங்களை யாரும் பார்க்காததுபோலவும் இருந்தால் இதை நம்புங்கள். பந்து எங்கே போனாலும் கமராவை மகளைவிட்டு அசைக்காத ஒரு தகப்பனை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பரலோகத்தில் இருக்கிற தகப்பன் அவரைவிடக் குறைவாகவா உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்?