நான் வெட்டி எறிந்த வரிகள்

எண்பதுகளின் கடைசியில் பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் எனக்கு வேலை. சிப்புகளைச் சோதிக்கும் மெஷின்களுக்கு நாங்களே ப்ரோகிராம் எழுதுவோம். அதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் எங்களுடையதுதான். அதில் என் பங்கு, ஓட்டத்தில் யாரும் போய்ச் சேராத வரிகளைக் கண்டுபிடித்து வெட்டி எறிவது. ப்ரோகிராம் சின்னதாகும், வேகமாக ஓடும். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மெஷினுக்கான ப்ரோகிராமை எழுதியவர் என்னைவிட மூன்று வயது மூத்த ஓர் அக்கா. தாசேக் கெலுகோரிலிருந்து பஸ், பட்டர்வொர்த்தில் கடல் தாண்டப் பெரி, இறங்கி மறுபடி பஸ் என்று வருவார். ஆனாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவருக்கு அந்த மாதம் வரவேண்டும்.

அந்த மாதம் பார்த்துத்தான் மெஷின் மக்கர் பண்ணியது. சிப்புத் தட்டு சிக்கினால் மெஷினின் கை உடனே நிற்க வேண்டும். நிற்காமல் சிப்புகளை இடித்து நொறுக்கியது. 'சிக்கினால், நிறுத்தும் பகுதிக்குத் தாவு' என்ற ஒரு கட்டளையை மட்டும், வேகத்துக்காக, அக்கா அசெம்பிளியில், அதாவது மெஷினின் சொந்த மொழியிலேயே எழுதியிருந்தார். மேனேஜர் என்னைக் கேட்டார். நான் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கண்ட இடத்தில் அசெம்பிளி எழுதினால் இப்படித்தான் ஆகும் என்றேன்.

அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, உன் பக்கமும் ஒரு தடவ பாத்துடேன்," என்றார். என் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். என்ன திமிர் எனக்கு!

கடிதம் வரவில்லை. அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய ப்ரோகிராம் என் தலையில் விழுந்தது. முதல் நாளே கம்பைலர் கக்கியதை அச்செடுத்து வரிவரியாகப் பார்த்தேன். நிறுத்தும் பகுதியே அதில் இல்லை. அசெம்பிளிக்குள் இருக்கும் தாவலை, கம்பைலரில் நான் எழுதியது எட்டிப் பார்ப்பதே இல்லை. இங்கே யாரும் வருவதில்லை என்று அதுவே முடிவு கட்டி அந்தப் பகுதியை வெட்டிவிட்டிருக்கிறது. அக்கா எழுதியதில் ஒரு பிசகும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சரிசெய்துவிட்டேன். அந்தக் கையோடு மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் அவரே வந்து என் தோளில் கை போட்டார்.

"அந்தப் பொண்ணு போனதும் மெஷின் நல்லா ஓடுது லா, பாத்தியா?"

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம், அக்கா வேலை கேட்டுப் போயிருந்த வேறொரு பேக்டரியிலிருந்து அவரைப் பற்றி விசாரித்து மேனேஜருக்கு போன் வந்தது. அவர் போன நாளிலிருந்து மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று மேனேஜர் சொன்னார். நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.