மூன்று நாய்களுக்கு ஒரு மாதச் சாப்பாடு

1. கேட்டில் கட்டியிருந்த நாய்

பொருளாதார நெருக்கடி வந்த வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை காலை கிளினிக்கைத் திறக்கப் போனபோது கேட்டில் ஒரு லெப்ரடோர் கட்டியிருந்தது. அதன் தடுப்பூசி அட்டையை பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்துப் பட்டியில் செருகியிருந்தார்கள். பெயர், வயது, போட்ட ஊசிகள் எல்லாம் என் கையெழுத்து. சொந்தக்காரரின் பெயர் இருந்த மூலையை மட்டும் கிழித்திருந்தார்கள். கிழித்திருக்கவே வேண்டாம். எட்டு வாரக் குட்டியாக வந்த நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டைத் தெரியும். அங்கே போன் எடுத்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

நான் டொக்டர் இல்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கண்டியில் ஒரு தனியார் மிருக வைத்தியரின் கிளினிக்கில் பத்தொன்பது வருஷமாகக் கவுன்டரில் நிற்கிறேன். நாயை நிறுப்பது, அட்டை எழுதுவது, தீன் விற்பது என் வேலை. அந்த வருஷம் வெளிநாட்டுத் தீன் வருவது நின்றது. பிறகு வந்தபோது, எட்டாயிரத்துக்கு விற்ற மூட்டை இருபத்திரண்டாயிரம். பலர் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் இறங்கிப் போனார்கள்.

கேட்டில் லெப்ரடோரைக் கண்ட வாரம்தான் மாதத் திட்டம் எழுதத் தொடங்கினேன். நாயின் நிறையைப் பார்த்து, அதற்கு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு, மலிவாக என்ன கிடைக்கிறது என்று மார்க்கெட்டில் விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். குறுணல் அரிசி இவ்வளவு, கோழிக்கடையில் சதை எடுத்தபின் மிஞ்சும் கூடு இவ்வளவு, பூசணிக்காய், வாரத்துக்கு ஒரு தரம் ஈரல். கூட்டை அவித்துச் சதையை உதிர்த்துவிட்டு எலும்பை வீசச் சொல்லி அடியில் கோடு போடுவேன்.

"பாக்கியம், மருந்தைவிட உன் தாள்தான் இப்ப வேலை செய்யுது" என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

2. யோகம் அக்கா

கடுகண்ணாவையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். புருஷன் இறந்தபின் தனியாக இருந்து சட்டை தைத்துப் பிழைப்பவர். பெயர் யோகேஸ்வரி. நான் யோகம் அக்கா என்பேன். அவரிடம் மூன்று நாய்கள். டைகர் அல்சேஷன் கலப்பு, இருபத்தெட்டுக் கிலோ. பிளாக்கி நடுத்தரம். சூட்டி பதினொரு வயதுக் கிழவி. மூன்றுக்கும் வருஷா வருஷம் ஊசி போட எங்களிடம்தான் வருவார். அன்றைக்கு நாய் இல்லாமல் வந்தார்.

"தங்கச்சி, ஒண்டுக்கு ஊசி போட வேணும்."

"எதுக்கு என்ன வருத்தம் அக்கா?"

"வருத்தம் ஒண்டும் இல்லை. மூண்டுக்கும் சாப்பாடு குடுக்க ஏலாமல் கிடக்கு. எதுக்குப் போடுறதெண்டு நீங்களே சொல்லுங்கோ. என்னாலை தெரிவு செய்ய ஏலாது."

அவர் கேட்டது கருணைக் கொலைக்கான ஊசி. அந்த மாதம் அப்படிக் கேட்டவர்களில் அவர் நான்காவது ஆள். நான் அவரைக் கதிரையில் உட்காரவைத்தேன்.

"ஊசிய விடுங்க அக்கா. மாசம் எவ்வளவு ஒதுக்க முடியும், அத மட்டும் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன்."

அவர் உடனே சொல்லவில்லை. விரலால் மடியைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு ஒன்பதாயிரம்" என்றார்.

அரை மணி நேரம் எழுதினேன். வயதான சூட்டிக்கு மட்டும் ஒரு கிலோ தீன், மற்றதெல்லாம் அவித்த சாப்பாடு. எட்டாயிரத்து எழுநூற்றைம்பதில் முடித்தேன். அவர் தாளை இரண்டு தரம் வாசித்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்ப மூண்டும் இருக்கலாம்?"

"மூணும் இருக்கலாம் அக்கா."

3. இஞ்சி டேப்

மூன்று நாயையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மாதா மாதம் நிறுக்க வருவதென்றால் அந்தக் கூலியே ஒரு வாரச் சாப்பாடு. ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அங்குலம் போட்ட தையல் இஞ்சி டேப்பால் நாய்களின் நெஞ்சையும் வயிற்றையும் அளந்து எழுதிக்கொண்டு பஸ்ஸில் வருவார். சட்டைக்கு அளவு எழுதுவதுபோலவே எழுதியிருப்பார். டைகர், நெஞ்சு முப்பது. சூட்டி, வயிறு பதினெட்டரை.

ஆறு மாதம் வந்தார். அளவு அரை இஞ்சிகூட இறங்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தவர்களில் இப்படிச் சரியாகச் செய்தவர் வேறு யாருமில்லை. மற்றவர்களுக்கு அவரை உதாரணமாகச் சொல்வேன்.

ஐந்தாவது மாதம் அவருடைய சட்டை தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஊருக்கே அளவு பார்த்துத் தைப்பவரின் சட்டை.

"என்னக்கா, டயட்டா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"ஓம், ஓம். வயசு போகுதெல்லோ" என்று அவரும் சிரித்தார். அடுத்த ஆள் பூனையோடு நின்றார். நான் அவரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

4. கடுகண்ணாவை

ஏழாவது மாதம் அவர் வரவில்லை. அவருடைய பக்கத்து வீட்டு சிங்கள அம்மா கிளினிக்குக்குப் போன் எடுத்தார். யோகம் அக்கா குசினியில் விழுந்து கிடந்தாராம். வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, நாய்களை என்ன செய்வது என்று கேட்டார்.

பகல் பஸ்ஸில் போனேன். நாய்கள் என்னைக் கண்டு குரைத்தன. மூன்றுக்கும் ரோமம் பளபளத்தது. குசினியில் நாய்ச் சாப்பாடு அவிக்கும் பெரிய சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. குறுணல் அரிசி வாளியில் பாதி இருந்தது. அவருடைய சாப்பாடு என்று பார்த்தால் தேயிலை, கொஞ்சம் சீனி, பிரித்த கிரீம் கிரேக்கர் பக்கெட் ஒன்று. அலுமாரியில் பிரஷர் மாத்திரை அட்டைகள் இருந்தன. எல்லாம் காலி. கடைசி பில் நான் திட்டம் எழுதிக் கொடுத்ததற்கு முந்தின மாதத்தது.

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் விரதம் இருப்பாங்க. பிறகு எல்லா நாளும் விரதம்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. கரண்ட் வெட்டில் மெஷின் ஓடவில்லை, தைக்கவும் யாரும் வரவில்லை என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒன்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் குசினியில் நிற்க முடியாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். டைகர் வந்து என் கையை மோந்து பார்த்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு குழறியது. குனிந்து காதைக் கொடுத்தால்தான் விளங்கும். முதலில் கேட்டது, "சாப்பிட்டதுகளோ?"

"சாப்பிட்டுச்சு அக்கா, மூணும். நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

கோபமில்லாமல்தான் சொன்னார். "நீங்கள் நாயைப் பற்றித்தானே கேட்டனீங்கள்."

பதினோராம் நாள் இறந்துபோனார். தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காரியம் முடித்துவிட்டுப் போனார். டைகரைக் கலகெதரவில் ஒரு மர ஆலைக்காரர் காவலுக்கு எடுத்துக்கொண்டார். பிளாக்கியைப் பக்கத்து வீட்டு அம்மா வைத்துக்கொண்டார். சூட்டியை யாரும் கேட்கவில்லை. நான் என் வாடகை அறைக்குக் கொண்டுபோனேன். சட்டியை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சேலைன் ஏற்றிப் பார்த்தோம். மூன்றாவது வாரம் டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஊசி போடும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன். அதன் வயிறு என் இரண்டு கைக்குள் அடங்கியது.

5. இப்போது கேட்பது

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் யாருக்கும் தாள் எழுதவில்லை. பிறகு டொக்டர் சொன்னார்: "நிறுத்தினால் ஆட்கள் கேட்டில்தான் கட்டிவிட்டுப் போவார்கள். எழுது. ஆனால் வேறு மாதிரி எழுது."

இப்போது நாயின் நிறையை எழுதுமுன் வேறு கேள்விகள் கேட்கிறேன். வீட்டில் எத்தனை பேர்? நேற்று இரவு என்ன சமைத்தீர்கள்? யாராவது மாத்திரை குடிக்கிறார்களா, இந்த மாதம் வாங்கியாயிற்றா? புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன். ஒருவர் சொல்லும் தொகையை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அது எந்தச் செலவிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

எல்லோரும் பதில் சொல்வதில்லை. போன மாதம் ஒருவர் கவுன்டரில் அடித்துக் கேட்டார்: "நாய்க்குத் தீன் கேட்டு வந்தா, எங்க வீட்டு சட்டிய ஏன் எட்டிப் பாக்குற?" அவருக்கு இரண்டு நாய்கள், மூன்று பிள்ளைகள். கடைசியில் எப்படியோ சொன்னார். கூட்டிப் பார்த்தேன். இரண்டு நாய்க்கு அந்த வீட்டில் இடமில்லை.

"ஒண்ண வேற வீட்டுக்குக் குடுத்துருங்க அண்ணே. ஆள் நான் தேடித் தாறேன்."

முன்பெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்வது எனக்குத் தோல்விபோல இருக்கும். இப்போது வாய் கூசாமல் சொல்கிறேன். அவர் என்னை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு இறங்கிப் போனார்.

திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருந்தால் போதும்.