மரியாதை தெரிந்த பூனை

என்னோடு திருமயத்தில் வேலை பார்த்த டீச்சர், துபாயில் இருக்கும் மகனிடம் போகும்போது தன் பூனையை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். வந்த நாளிலிருந்து அது பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டு ஓயாமல் கத்தியது. பால் வைத்தாலும் கத்தல், மீன் வைத்தாலும் கத்தல். எனக்குப் பொறுமை கிடையாது. "ஏய், வெளிய வா! தின்னுட்டுக் கத்து!" என்று நானும் கத்தினேன்.

மூன்றாம் நாள் டீச்சருக்கே போன் போட்டேன்.

"எப்படிக் கூப்பிடுறீங்க சார்?"

"வா, போன்னுதான். பூனைய வேற எப்படிக் கூப்பிடுறது?"

"ஐயோ! நான் வாங்க, சாப்பிடுங்கன்னுல்ல சொல்லுவேன்!"

பூனைக்கு மரியாதை ஒரு கேடா என்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் தரையில் குப்புறப் படுத்து, பீரோவுக்கு அடியில் பார்த்து, "வாங்க, சாப்பிட வாங்க" என்றேன். கத்தல் நின்றது. முதலில் மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு முழுப் பூனையும் வந்து தட்டில் வாய் வைத்தது.

பின்னால் நின்ற மனைவி சிரித்தாள். "நானுந்தான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல அழுதேன். எனக்கு ஒரு வாங்க வந்துச்சா?"

எழுந்து உட்கார்ந்தேன். "நீங்களும் வந்து உக்காருங்க."

"நக்கலா?" என்றாள். ஆனால் வந்து உட்கார்ந்தாள்.