பெட்டி தூக்க ஆறு பேர்

இன்பநாதனுக்கு வயது அறுபத்திரண்டு. மராட்டிய ஊரான கிர்க்கியில், தமிழ்ச் சபையின் அடக்கச் சங்கத்தில் பெட்டி தூக்கும் ஆறு பேரில் அவர்தான் இளையவர்.

எழுபத்திரண்டாம் வருஷம் சங்கம் தொடங்கியபோது, தூக்குகிறவர்கள் ஐம்பதைத் தாண்டக் கூடாது என்று விதி எழுதினார்கள். அப்போது எல்லோரும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாரம் சுமந்து இறுகிய ஆட்கள். எழுபத்தெட்டில் அந்த ஐம்பது அறுபதானது. எண்பத்திரண்டில் அறுபத்தைந்து. போன வருஷம் செயலாளர் ஜார்ஜே அறுபத்தைந்தைத் தாண்டிவிட, வயது பற்றிய வரியையே அடித்துவிட்டார்கள். மாறாமல் நின்றது ஒரு விதிதான். கல்லறைத் தோட்டத்து வாசலில் தோளுக்கு ஏறும் பெட்டி குழியருகில்தான் இறங்க வேண்டும். நடுவில் தரையில் வைத்தால் போனவருக்கு அவமரியாதை.

இளவட்டங்கள் இல்லாமலில்லை. பாதிப் பேர் மஸ்கட்டிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். இங்கேயே இருந்த நாலைந்து பேருக்கு ஷிப்டை விட்டு வர வழியில்லை. சாவு ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வருகிறது?

ஜூன் மாதமே டாக்டர் இன்பநாதனுக்குக் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அவர் அதை மனைவி பாக்கியவதியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறு ஐந்தாகிவிடும். ஐந்து பேரால் பெட்டி தூக்க முடியாது. இடுப்பில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு அதற்குப் பிறகும் இரண்டு பெட்டிகளைத் தூக்கிவிட்டார்.

ஆகஸ்டில், மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை, ஹெர்பர்ட் போய்ச் சேர்ந்தார். சங்கத்தின் முதல் தலைவர். கனத்த மனுஷன்.

புதன்கிழமை மத்தியானம் இன்பநாதன் துணியைச் சுற்றும்போது பாக்கியவதி வாசற்படியை மறித்து நின்றாள்.

“இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுதேன். ஹெர்பர்ட் அண்ணாச்சி படுக்கையில கிடந்தும் மெலியாத ஆளு. குடல் பிதுங்கி நீங்க அங்கனயே விழுந்தா, உங்களை யாரு தூக்குவா?”

“ஜார்ஜ் தூக்குவாரு.”

“அவரைத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும்.”

இன்பநாதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது அடிவயிறு இழுத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் சவ வண்டி நின்றது. குழி வெகு தூரத்தில், வேப்பமரத்தையும் தாண்டி. இடையில் கணுக்கால் புதையும் சேறு. ஹெர்பர்ட்டின் மனைவி மேவிஸ் அக்கா கறுப்புக் குடையோடு பாதிரி ஐயர் பக்கத்தில் நின்றாள். ஆறு பேரும் வாசலில் இறக்கியிருந்த பெட்டியின் இரு பக்கமும் வந்து நின்றார்கள்.

“தோளுக்கு,” என்றார் ஜார்ஜ்.

யாரும் குனியவில்லை.

இன்பநாதன் கைப்பிடியைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். பாதி வழியில் தன்னால் பெட்டி தரையில் விழுந்தால், அதை மேவிஸ் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பது மனதில் ஓடியது. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

“எனக்கு முடியாது, ஜார்ஜ் அண்ணாச்சி,” என்றார். “குடலிறக்கம். ஜூன்ல இருந்து.”

ஜார்ஜின் முகம் சிவந்தது. “இப்ப வந்து சொல்லுதீரேவே! பெட்டி முன்னால நின்னுக்கிட்டா?”

“எப்ப சொன்னாலும் ஆள் ஏது?”

ஜார்ஜ் சட்டைப் பையைத் தடவினார். அப்புறம் மெதுவாக, “எனக்கும் நெஞ்சுக்கு மாத்திரை ஓடுதுவே,” என்றார். எதிர்ப்பக்கம் நின்ற தேவசகாயம், “எனக்கு இந்தக் கை தோளுக்கு மேல எழும்பாது. ரெண்டு வருஷமா சும்மா தொட்டுக்கிட்டுத்தான் நடக்கேன்,” என்றார். மற்ற மூவரும் ஆளுக்கொரு நோவைச் சொன்னார்கள். ஆளாளுக்கு, தான் விலகினால் எண்ணிக்கை குறையும் என்று இத்தனை நாள் மறைத்திருக்கிறார்கள். அப்படியானால் போன பெட்டியைத் தூக்கியது யார் என்று இன்பநாதனுக்குக் குழப்பமாக இருந்தது.

மேவிஸ் குடையை மடக்கினாள்.

“நல்ல ஆளுங்கய்யா. அவரு மழையில நனையுதாரு, நீங்க ஒவ்வொருத்தரா டாக்டர் சீட்டு வாசிக்கீங்க. குழி வெட்டுறவங்க மண்ணு தள்ளுற கைவண்டி அந்தா நிக்குது பாருங்க.”

“அக்கா, கைவண்டியிலயா?” என்றார் ஜார்ஜ்.

“தரையில வைக்கக் கூடாதுன்னுதானே எழுதி வச்சிருக்கீங்க? வண்டி தரையா?”

மராட்டிக்காரக் குழிவெட்டிகள் இரண்டு பேர் வண்டியைக் கழுவிக்கொண்டுவந்தார்கள். “பாபா, பாஜூலா” என்று கிழவர்களை ஒதுக்கிவிட்டு, சவ வண்டிக்காரரையும் சேர்த்துக்கொண்டு, பெட்டியை ஏற்றி இழுத்தார்கள். சக்கரம் சேற்றில் முனகியது. ஆறு பேரும் பின்னால் நடந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று இன்பநாதனுக்குத் தெரியவில்லை. கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்தார்.

“ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குப் பேர் குடுத்திருவோம்,” என்றார். “கூட ஒரு ஆள் வேணும்பாங்க. மஸ்கட்டுக்கு நம்ம பயலுக்கு எழுதினா அவனுக்கு லீவு கிடைக்காது.”

“எழுத வேண்டாம். நான் இருக்கேன்.”

“பத்து நாள் பெஞ்சில உட்காரணும். உன் முழங்காலுக்கு ஆகுமா?”

பாக்கியவதி நனைந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

“மேவிஸ் அக்காகிட்ட கேட்டுப் பார்க்கேன். இனிமே அவங்க வீட்ல படுக்கையில வச்சுப் பார்க்க ஆள் இல்லையே,” என்றாள்.